ஒரே வாதத்துக்கு ரெண்டு டொக்டர் ரெண்டு பேரு எழுதினா என்ன செய்யிறது

பெரியப்பாவுக்கு வாதம், அதாவது ஸ்ட்ரோக், அடிச்சு ரெண்டு ஆஸ்பத்திரி போய் வந்தோம், இப்ப வீட்டுல ரெண்டு டயக்னோசிஸ் கார்ட் இருக்கு. மொத கார்ட்ல லக்கியூனர்னு எழுதியிருக்கு, மூளைக்குள்ள ஓடுற மெல்லிசு குழாய் அடச்சதுன்னு அர்த்தம். ரெண்டாவது கார்ட்ல கார்டியோஎம்பொலிக்னு எழுதியிருக்கு, இதயத்துல இருந்து கட்டி வந்து அடச்சதுன்னு அர்த்தம். ஆள் ஒண்ணு, மண்ட ஒண்ணு, அடிச்ச வாதமும் ஒண்ணுதான். லயத்துல ஆளுக்கொரு தீர்ப்பு, மாமா சொல்றாரு மொத டொக்டருக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு, சித்தி சொல்றாங்க ரெண்டாவது ஆளு சும்மா வெலகூடின மருந்து குடுக்க அப்பிடி எழுதிட்டாருன்னு. நான் கெம்பஸ்ல கொஞ்சம் புள்ளிவிபரவியல் படிச்சவன், டொக்டர் இல்ல, ஆனா இத தேடி வாசிச்சதுல ரெண்டு பேருமே பிழ இல்லங்கிறது வெளங்கிச்சு. இதே மாதிரி ரெண்டு கார்ட வச்சுக்கிட்டு முழிக்கிறவங்களுக்காக, எப்பிடி வாசிக்கணும், எத கேக்கணும், நம்ம பக்கத்துல என்ன செய்யணும்னு எழுதுறேன்.

அதுக்கு முன்னுக்கு ஒண்ணு. இப்பதான் யாருக்காச்சும் வாய் கோணுது, கை தூக்க ஏலாது, பேச்சு மாறுதுன்னா இத வாசிச்சுக்கிட்டு இருக்காதீங்க, 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் சும்மா வரும். ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போடுறதா இருந்தா 4.5 மணித்தியாலத்துக்குள்ள போடணும், அதுவும் ஸ்கேன் எடுத்து பாத்த பொறகுதான். தோட்டத்துல இருந்து மெயின் ரோட்டுக்கு வரவே முக்கா மணித்தியாலம் போகும், அதனால எண்ண தடவி பாப்போம், விடிஞ்சா பாப்போங்கிற பேச்சே வேணாம்.

சரி, கார்டுக்கு வருவோம். முதல்ல பாக்க வேண்டியது மூளையில ரத்தம் கசிஞ்சதா, ரத்தக்குழாய் அடச்சதாங்கிறது. இதுல டொக்டர்மாருக்குள்ள பெருசா கருத்து வித்தியாசம் வராது, ஏன்னா சீடி ஸ்கேன்ல புது ரத்தம் வெள்ளையா பளிச்சுனு தெரியும். பெரியப்பா பெக்டரியில சல்லட ரூம்ல வேல செஞ்ச ஆளு. தேயில தூள சல்லடையில போட்டா யாரு சலிச்சாலும் ஒரே தரந்தான் வரும், பிஓபி ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம். ஆனா கொழுந்து மூட்டைய அவுத்து இது நல்ல கொழுந்து இது முத்தலுன்னு கண்ணால எண்ணச் சொன்னா ரெண்டு பேரு ரெண்டு கணக்கு சொல்லுவாங்க, அதுல வருஷா வருஷம் சண்டையும் வரும். சீடி ஸ்கேன் சல்லட மாதிரி. அதுக்குப் பொறகு வர்றதெல்லாம் கொழுந்து எண்ணுற மாதிரி.

ஆனா சல்லடையும் நேரத்துக்கு போட்டாத்தான். அடைப்புன்னா மொத சில மணித்தியாலத்துல சீடி ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியாம இருக்கலாம், "ஸ்கேன் நார்மல், அப்ப வாதம் இல்ல"ன்னு நாமளே முடிவு கட்டிறக்கூடாது. மறுபக்கம், பத்து நாள் வீட்டுல வச்சிருந்துட்டு பொறகு கூட்டிட்டுப் போனா சின்ன ரத்தக்கசிவு ஸ்கேன்ல அடைப்பு மாதிரியே தெரிய ஆரம்பிச்சிரும், அப்ப எந்த டொக்டரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாரு. ஸ்கேன் இல்லாம அறிகுறிய மட்டும் வச்சு கசிவா அடைப்பான்னு புள்ளி போட்டு பாக்குற முறையும் இருக்கு, தாய்லாந்துல இருந்து 1991ல வந்த சிரிராஜ் ஸ்கோர் அதுல ஒண்ணு, ஆனா அத நம்பி மருந்து முடிவு பண்ற அளவுக்கு அது கெட்டியில்ல.

அடைப்புன்னு முடிவான பொறகுதான் கத ஆரம்பம். இங்க ரெண்டு வேற வேற பேரு வக்கிற முறை இருக்கு, இது தெரியாமத்தான் பாதி வீட்டுல சண்ட. ஒண்ணு ஒக்ஸ்போர்ட் முறை, பேம்ஃபர்ட் முறைன்னும் சொல்லுவாங்க, 1991ல வந்தது. இது படுக்கை பக்கத்துல நின்னு ஆள பாத்தே சொல்றது, எந்த எடம் பாதிச்சிருக்கு, எவ்வளவு பெருசுங்கிறதுதான் கேள்வி. டாசி, பாசி, லாசி, பொசின்னு நாலு பேரு. கை கால் வெலங்காம, பார்வ ஒரு பாதி போய், பேச்சு மாதிரியான மூளையோட மேல் வேலையும் கெட்டு மூணும் சேந்து இருந்தா டாசி, அதுல ரெண்டு இருந்தா பாசி, பேச்சும் பார்வையும் சரியா இருந்து மொகம் கை கால் மட்டும் சுத்தமா வெலங்காட்டி லாசி, சின்ன மூளை, மூளைத்தண்டு பக்கம்னா பொசி. முழுசா இவ்வளவுதான்னு இல்ல, ஆனா கார்ட் வாசிக்க இது போதும்.

மத்தது டோஸ்ட் முறை, 1993ல வந்தது, ஒரு மருந்து பரிசோதனைக்காக உண்டாக்கினது. இது எடத்த கேக்காது, காரணத்த கேக்கும். அஞ்சு பெட்டி. பெரிய ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு 50 வீதத்துக்கு மேல சுருங்கியிருந்தா ஒரு பெட்டி, இதயத்துல இருந்து கட்டி கெளம்பி வந்து அடச்சிருந்தா ஒரு பெட்டி, உள்ளுக்குள்ள ஓடுற மெல்லிசு குழாய் அடச்சு 1.5 சென்றிமீட்டருக்கு குறைஞ்ச சின்ன பள்ளம் வந்திருந்தா ஒரு பெட்டி, அதுதான் லக்கியூனர். வேற அபூர்வமான காரணம் ஒரு பெட்டி. அஞ்சாவது, காரணம் தெரியாதுங்கிற பெட்டி.

அப்ப ஒரு கார்ட்ல பொசின்னும் இன்னொரு கார்ட்ல கார்டியோஎம்பொலிக்னும் இருந்தா அது சண்டையே இல்ல, ஒண்ணு எந்த எடம்னு சொல்லுது, மத்தது எதனாலன்னு சொல்லுது. ஹட்டன்ல இருந்து வந்தானான்னு ஒருத்தர் கேட்டா ஆமாங்கிறதும், பஸ்ல வந்தானான்னு இன்னொருத்தர் கேட்டா ஆமாங்கிறதும் மாதிரி. அதனால கார்ட கையில எடுத்த ஒடனே கேக்க வேண்டியது, ரெண்டும் ஒரே முறையில எழுதினதா இல்லையாங்கிறது. எங்க கேஸ்ல ரெண்டுமே காரணத்த பத்தினது, அதனால உண்மையான வித்தியாசந்தான்.

அஞ்சாவது பெட்டிய பத்தி கொஞ்சம் கூட சொல்லணும், ஏன்னா கார்ட்ல அண்டிடர்மின்ட்னு பாத்தா நம்ம ஆக்கள் டொக்டருக்கு தெரியலன்னு எடுத்துக்கிறாங்க. அந்த ஒரு பேருக்குள்ள மூணு வேற வேற கத இருக்கு. எல்லா டெஸ்டும் எடுத்தும் ஒண்ணும் கெடைக்காதது ஒண்ணு. டெஸ்டே முழுசா எடுக்காதது இன்னொண்ணு. மூணாவதுதான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, ரெண்டு காரணம் கெடச்சிருச்சுன்னா, அதாவது இதயத் துடிப்பும் சீரில்ல, கழுத்து குழாயும் பாதிக்கு மேல அடச்சிருக்குன்னா, எதுன்னு சொல்ல ஏலாதுன்னு அதையும் இதே பெட்டியிலதான் போடுவாங்க. கூட தெரிஞ்சாலும் தெரியாது, கொறைய தெரிஞ்சாலும் தெரியாது. அதனால அந்த வார்த்தைய பாத்தா இந்த மூணுல எதுன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. டெஸ்ட் முடியலங்கிற பதில் வந்தா இன்னும் செய்ய வேல இருக்குன்னு அர்த்தம்.

இப்ப டொக்டர்மார் எவ்வளவு தூரம் ஒத்துப்போறாங்கங்கிற விசயம். இத வெளிநாட்டுல அளந்தே பாத்திருக்காங்க, ஒரே நோயாளியோட குறிப்ப பல நரம்பியல் டொக்டர்மார் கையில குடுத்து தனித்தனியா பேரு எழுதச் சொல்லி. ஒக்ஸ்போர்ட் முறைக்கும் சரி, டோஸ்டுக்கும் சரி, வந்த பதில் நடுத்தரம். மோசமும் இல்ல, பிரமாதமும் இல்ல. வாதத்துலயே ஊறின டொக்டர்மாருக்கே அப்பிடின்னா ராத்திரி வாட்டுல தனியா அம்பது பேர பாக்குற ஒரு சின்ன டொக்டருக்கு எப்பிடி இருக்கும்னு யோசிங்க.

இந்த ஒத்துமைய எப்பிடி அளக்குறாங்கங்கிறத கணக்கா காட்டுறேன், ஓலெவல் கணிதம் போதும், தாளும் பேனையும் எடுத்துக்கோங்க. நம்பர் எல்லாம் வெளங்கிறதுக்காக நானே போட்டது. 50 நோயாளி, ரெண்டு டொக்டர், கேள்வி ஒண்ணுதான், லக்கியூனரா இல்லையா. ரெண்டு பேரும் ஆமான்னது 15, ரெண்டு பேரும் இல்லன்னது 20, மொத டொக்டர் மட்டும் ஆமான்னது 10, ரெண்டாவது டொக்டர் மட்டும் ஆமான்னது 5. ஒத்துப்போனது 35, அதாவது 50ல 35, 70 வீதம். பாக்க நல்லாத்தான் இருக்கு, இல்லியா?

ஆனா ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டு பூவா தலையா போட்டிருந்தாலும் கொஞ்சம் ஒத்துப்போயிருக்கும், அத கழிக்கணும். மொத டொக்டர் மொத்தம் 25 பேருக்கு ஆமா சொல்லியிருக்காரு, பாதி, 0.5. ரெண்டாவது ஆளு 20 பேருக்கு, 0.4. குருட்டுவாக்குல ரெண்டு பேரும் ஆமா சொல்ல 0.5 தர 0.4, 0.20. ரெண்டு பேரும் இல்ல சொல்ல 0.5 தர 0.6, 0.30. கூட்டினா 0.50. இப்ப உண்மையில வந்த 0.70ல இருந்து இந்த 0.50அ கழிச்சா 0.20 மிச்சம். சும்மா கெடச்ச பாதிய விட்டுட்டா மேல ஏற எடம் இருந்ததே 0.50தான், அதுல 0.20 ஏறியிருக்கு, ஆக 0.40. இதுக்கு பேரு கப்பா, 1960ல கோகன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் உண்டாக்கினது. 1977ல லாண்டிஸ், கோக்னு ரெண்டு பேரு இதுக்கு படி வச்சாங்க, 0.20 வரைக்கும் சொற்பம், 0.21ல இருந்து 0.40 சுமார், 0.60 வரைக்கும் நடுத்தரம், 0.80 வரைக்கும் நல்லது, அதுக்கு மேல கிட்டத்தட்ட முழு ஒத்துமை. அந்த படிக்கட்டு இவங்களா போட்ட கோடுதான், கல்லுல எழுதினது இல்ல, ஆனா எல்லாரும் அதத்தான் பாவிக்கிறாங்க. 70 வீதம்னு சொன்னது சுமாருக்கு எறங்கிருச்சு பாத்தீங்களா.

கப்பாவுக்கும் ஒரு கோணல் இருக்கு, அதையும் சொல்லிறணும். அபூர்வமான வகைன்னு வைங்க, 50 பேர்ல ரெண்டு பேரும் இல்லன்னது 46, ரெண்டு பேரும் ஆமான்னது 1, மொத ஆளு மட்டும் ஆமான்னது 2, மத்தவர் மட்டும் 1. ஒத்துப்போனது 47, 94 வீதம். அதே மாதிரி கணக்கு போட்டுப் பாருங்க, கப்பா 0.37 கிட்டத்தான் வரும். ஏன்னா எல்லாருக்கும் இல்ல இல்லன்னு சொன்னாலே தொண்ணூறு வீதம் சும்மா ஒத்துப்போயிரும். அதனால யாராச்சும் 94 வீதம் ஒத்துமைன்னு சொன்னாலும் நம்பிறாதீங்க, கப்பா கொறவுன்னு மட்டும் சொன்னாலும் நம்பிறாதீங்க, அந்த நாலு நம்பரையும் காட்டச் சொல்லுங்க.

இனி ஏன் ஒத்துப்போக மாட்டேங்குதுங்கிறது. வாசிச்ச வரைக்கும் பெரிய காரணம் கெட்டித்தனம் இல்ல, கையில இருக்குற தகவல்தான். ஒரே விதிய படிப்படியா பின்பற்றி, குறிப்புகள ஒழுங்கா எடுத்து எழுதினா ஒத்துமை ஏறுதுன்னு பாத்திருக்காங்க, 2007ல அதுக்காகவே கொம்பியூட்டர்ல கேள்வி கேட்டு கேட்டு முடிவு சொல்ற முறை ஒண்ணு வந்துச்சு. 2013ல வந்த அஸ்கொட்ங்கிற முறையில ஒரே பெட்டியில தள்ளாம ஒவ்வொரு காரணத்துக்கும் எவ்வளவு சாத்தியம்னு தனித்தனியா புள்ளி போடுவாங்க, டெஸ்ட் எடுக்கலன்னா அதுக்கும் ஒரு நம்பர் இருக்கு. எனக்கு அதுதான் நேர்மையான முறையா தெரியுது, ஆனா நம்ம வாட்டு அவசரத்துல யாரு அவ்வளவு எழுதிக்கிட்டு இருப்பாங்க.

பெரியப்பா கேஸ்லயும் இதுதான் நடந்துச்சு. மொத ஆஸ்பத்திரியில எடுத்த ஈசிஜி நார்மல், ஸ்கேன்ல சின்னதா ஒரு எடம், பிரசரும் சீனியும் பதினஞ்சு வருசமா இருக்கு, கை கால் வெலங்காததும் நாக்கு குழறினதுந்தான் அறிகுறி. அந்த தகவலுக்கு லக்கியூனர்ங்கிறது சரியான பேருதான். ஈசிஜிங்கிறது பத்து செக்கன் படம் புடிக்கிற மாதிரி, விட்டு விட்டு வர்ற துடிப்பு கோளாறு அந்த பத்து செக்கன்ல வரலன்னா அகப்படாது. கண்டிக்கு மாத்தி அனுப்பின எடத்துல 24 மணித்தியாலம் மாட்டி வக்கிற மிசின் போட்டாங்க, அதுல ஏட்ரியல் ஃபிப்ரிலேசன், அதாவது இதயம் சீரில்லாம துடிக்கிற கோளாறு, அகப்பட்டிருச்சு. அந்த தகவலுக்கு கார்டியோஎம்பொலிக்னு எழுதினதுக்கும் நியாயம் இருக்கு. டோஸ்ட் விதிப்படி லக்கியூனர்னு எழுதணும்னா இதயத்துல காரணம் இருக்கவே கூடாது. மருந்தும் அதோட மாறிச்சு, அஸ்பிரின நிப்பாட்டி ரத்தம் ஒறையாம இருக்க வார்ஃபரின் குடுத்தாங்க, இப்ப மாசா மாசம் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் ஒறையிற அளவு, பாக்க போறோம். பேரு வெறும் பேரு இல்லங்கிறது இதுனாலதான். கழுத்து குழாய்னு வந்திருந்தா ஒப்பரேசன் பேச்சு வந்திருக்கும்.

நம்ம கையில இருக்குறது என்ன? தகவல் ஒழுங்கா போய்ச் சேர்றது. இதுல மலையகத்துல இருக்குற நமக்கு ஒரு தனி சிக்கல் இருக்கு, பாஷை. பேச்சு எப்பிடி கெட்டிருக்குங்கிறது வகைய மாத்திரும். சொல்லு சரி, நாக்கு மட்டும் தடிச்சு வருதுன்னா அது ஒரு வகை, லக்கியூனர்லயும் வரும். சொல்லே மாறி வருது, தண்ணின்னு சொல்ல வேண்டியத சாவின்னு சொல்றாரு, நாம சொல்றது வெளங்கலன்னா அது வேற வகை, மூளையோட மேல்பக்கம் பாதிச்சதுக்கு அடையாளம். டொக்டருக்கு தமிழ் தெரியாது, பெரியப்பாவுக்கு சிங்களம் தேயில பெக்டரி அளவுக்குத்தான். அன்னைக்கி பக்கத்து கட்டில் ஆளு மொழிபெயர்க்க வந்தாரு, நாங்க "ஒளறுறாரு"ன்னு சொன்னோம். நம்ம பேச்சுல ஒளறுறாருன்னா நாக்கு குழறுதுன்னும் எடுக்கலாம், புத்தி மாறி பேசுறாருன்னும் எடுக்கலாம், அவரு ரெண்டாவத சொல்லிட்டாரு. நல்லவேளையா நர்ஸ் மிஸ் ஒருத்தங்க தமிழ் தெரிஞ்சவங்க வந்து திருத்தினாங்க.

அதனால மொழிபெயர்க்குற ஆளுகிட்ட அபிப்பிராயம் சொல்லாதீங்க, நடந்தத சொல்லுங்க. "கதைக்கிறது எங்களுக்கு வெளங்குது, நாக்கு மட்டும் தடிப்பு." இல்லன்னா "கைய தூக்க சொன்னா தூக்க மாட்டேங்கிறாரு, என்ன சொல்றோம்னு வெளங்கல." அவர் சொன்ன பிழையான சொல்லையே அப்பிடியே சொல்லுங்க. சோத்துல ஒரு பக்கத்த மட்டும் சாப்புட்டு மறுபக்கத்த அப்பிடியே வச்சாரா, கதவு நெலையில தோள இடிச்சாரா, அதையும் சொல்லுங்க, பார்வ ஒரு பாதி போனதும் ஒரு பக்கத்த கவனிக்காம போறதும் தூக்கத்துல இருக்குற ஆளுகிட்ட டொக்டருக்கு சோதிக்க கஷ்டமான விசயம், ரெண்டு டொக்டர் வித்தியாசப்படுற எடத்துல இதுவும் ஒண்ணு.

கடைசியா எப்ப நல்லா இருந்தாருங்கிறது அடுத்தது. எப்ப கண்டீங்கங்கிறது இல்ல. காலையில எழும்பும்போதே கை வெலங்கலன்னா ராத்திரி படுக்கும்போது மணி எத்தன, அதத்தான் எழுதணும். காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு போகல, பத்து மணிக்குத்தான் பாத்தோம்னா, அதுக்கு முந்தி யாரு பாத்தா, வழியில யாரோட கதச்சாரு, கேட்டு வச்சுக்கோங்க. கிளினிக் கொப்பி கட்டாயம் போகணும், மருந்து பக்கெட்டுகளோட. நெஞ்சு படபடப்பு எப்பவாச்சும் வந்துச்சா, சின்ன வயசுல மூட்டு வீக்கத்தோட காய்ச்சல் வந்து இதய வால்வு கோளாறுன்னு சொன்னாங்களா, முந்தி ஒரு தடவ அஞ்சு நிமிசம் கை மரத்து தானா சரியாச்சா, இதெல்லாம் கேக்காட்டியும் சொல்லுங்க.

மாத்தி அனுப்பும்போது ஈசிஜி தாள், ஸ்கேன் ரிப்போர்ட், படம், எல்லாம் கூட போகுதான்னு அம்புலன்ஸ் ஏற முன்னுக்கு பாருங்க. எங்களுக்கு ஈசிஜி தாள் வரல, மொத வாட்டுல நோயாளி குறிப்பு எழுதுற கட்டில் டிக்கட்டோடயே தங்கிருச்சு. ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கிட்டிருந்தா இந்த பாடு இல்ல. கினிகத்தேன, நாவலப்பிட்டி தாண்டி கண்டிக்கு போன பொறகு திரும்பி வந்து ஒரு தாள எடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அந்த ரோட்டுல பஸ்ல போனவனுக்குத்தான் தெரியும்.

கிளினிக்ல டொக்டர்கிட்ட கேக்கும்போது "நீங்க பிழையா எழுதிட்டீங்களா"ன்னு ஆரம்பிச்சா அங்கயே கத முடிஞ்சுது. ரெண்டு கார்டையும் மேசையில வச்சு, ஐயா, மொத கார்ட்ல இப்பிடி இருக்கு, இதுல இப்பிடி இருக்கு, இடையில எந்த டெஸ்ட் புதுசா வந்ததுனால மாறிச்சுன்னு கேளுங்க. காரணம் தேடுறதுல இன்னும் என்ன பாக்கி, இதயத்த பாக்குற எக்கோவா, கழுத்து குழாய பாக்குற டொப்ளரா, 24 மணித்தியால மிசினா, அதையும் கேளுங்க. எல்லாருக்கும் எல்லாம் தேவப்படாது, வயசு, நெலம பாத்து டொக்டர் வேணாம்னு சொல்றதும் உண்டு. ஒண்ணு மட்டும், கார்ட் ரெண்டு விதமா இருக்குன்னு நீங்களா எந்த குளிசையையும் நிப்பாட்டாதீங்க, முக்கியமா ரெண்டு கார்ட்ல இருக்குற மருந்தையும் சேத்து குடுக்காதீங்க. அஸ்பிரினையும் வார்ஃபரினையும் டொக்டர் சொல்லாம சேத்து குடிச்சா ரத்தம் கசியலாம். எங்க வீட்டுல சித்தி ரெண்டு நாள் அதத்தான் செஞ்சாங்க, நல்லகாலம் ஒண்ணும் ஆகல.

கெம்பஸ் புள்ளைங்க யாராச்சும் இத ப்ரொஜெக்டா செய்ய யோசிச்சா, ரெண்டு டொக்டரும் ஒரே குறிப்பத்தான் பாக்கணும், ஒருத்தர் எழுதினது மத்தவருக்கு தெரியக்கூடாது, கதச்சுக்கவும் கூடாது. ரெண்டு பேருக்கு மேலன்னா கோகனோட கப்பா சரிவராது, ஃப்ளைஸ் கப்பா பாருங்க. அதே டொக்டருக்கு ஒரு மாசம் கழிச்சு அதே கேஸ்கள வரிசைய மாத்தி திரும்ப குடுத்தா தன்னோடயே எவ்வளவு ஒத்துப்போறாருன்னு தெரியும், அது இன்னும் ருசியான கத. எதிக்ஸ் அனுமதி எடுக்காம வாட்டு கொப்பிய தொட்றாதீங்க.

கடைசியா கார்டுகள பத்தி. பிளாஸ்டிக் ஃபைல் ஒண்ணு வாங்கி தேதி வரிசையில போட்டு கிளினிக் கொப்பியோட சேத்து வைங்க, மழைக்கு லயத்து கூரை ஒழுகுற எடத்துல வைக்காதீங்க. லெமினேட் மட்டும் பண்ணிறாதீங்க, எங்க மாமா மொத கார்ட அழகா லெமினேட் பண்ணி கொண்டுவந்துட்டாரு, கண்டி டொக்டர் அதுல எழுத பேனைய வச்சு பாத்துட்டு சிரிச்சுட்டாரு.